பனிமலை ரிசார்ட்டில் ஒரு சீசன் வேலை: ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியப் பனிமலைகளில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டுவிட்டேன். எனக்குப் பழக்கமான மலைகள் ஆஸ்திரேலியாவில் இருப்பதால் அந்த நாடுதான் அதிகம் வரும். நியூசிலாந்து, கனடா, ஜப்பான் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே அவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இது வேலை விசாவா, டூரிஸ்ட் விசாவா? ஒண்ணுமே புரியல.

ஒர்க்கிங் ஹாலிடே விசா இரண்டும் கலந்தது. இரண்டு நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, ஒருவர் நாட்டு இளைஞர்கள் மற்றவர் நாட்டில் சுமார் ஓராண்டு தங்கி ஊர் சுற்றவும், செலவுக்கு வேலை பார்க்கவும் விடுகிறார்கள். வயது வரம்பு பெரும்பாலும் 18 முதல் 30 வரை. சில ஒப்பந்தங்களில் 35 வரை போகும். எந்த நிறுவனமும் உங்களுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டியதில்லை. விசா உங்கள் பெயரில் இருக்கும், வேலையை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். நான்கு மாதமே ஓடும் பனிமலை வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விசா கிடையாது. ரிசார்ட்டுகளும் தங்கள் சீசன் ஆட்களில் பெரும் பங்கை இந்த விசாக்காரர்களிடமிருந்துதான் எடுக்கின்றன.

எந்த பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு கிடைக்கும்?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் கதவைத் திறந்தது. 462 என்ற எண்ணுள்ள விசா அது. ஆண்டுக்கு 1,000 இடம். குலுக்கல் முறையில் தேர்வு. முதலில் 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டி, பாஸ்போர்ட், பான் கார்டு விவரங்களோடு பதிவு செய்ய வேண்டும். பெயர் விழுந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். பள்ளிக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டு படிப்பு, அடிப்படை ஆங்கிலத்துக்கான சான்று, வங்கியில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர், அத்துடன் திரும்பி வருவதற்கான டிக்கெட் பணம் ஆகியவை வேண்டும். பதிவு தொடங்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தை மட்டும் பாருங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுமே உண்டு. இலங்கை பாஸ்போர்ட் 462 பட்டியலில் இல்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றவர்களுக்குக் கனடாவும் ஜப்பானும்கூடத் திறந்திருக்கின்றன. பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

ஆஸ்திரேலியாவுல பனியா? வெயில் நாடுன்னுல்ல நினைச்சேன்.

நன்றாகவே பெய்யும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெரிஷர், திரெட்போ, சார்லட் பாஸ். விக்டோரியாவில் மவுண்ட் புல்லர், ஃபால்ஸ் கிரீக், மவுண்ட் ஹோத்தாம். இவைதான் பெரிய பெயர்கள். 1994 ஜூன் 29 அன்று சார்லட் பாஸில் பதிவான மைனஸ் 23 டிகிரிதான் அந்த நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை.

சீசன் ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் நீண்ட வார இறுதியில் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை ஓடும். நியூசிலாந்தும் ஏறத்தாழ அதே மாதங்கள். கனடாவிலும் ஜப்பானிலும் நேர்மாறு: கனடாவில் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, ஜப்பானில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை.

எனக்கு ஸ்கீயிங் சுத்தமா தெரியாது, பனியையே பார்த்ததில்ல. வேலை குடுப்பாங்களா?

தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரு ரிசார்ட் என்பது மலை மேல் இருக்கும் ஒரு சிறிய ஊர். சமையல், பாத்திரம், அறை சுத்தம், டிக்கெட், வாகன நிறுத்தம், கடை, குழந்தைகள் காப்பகம் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காலில் பலகை மாட்டவே தேவையில்லை. ஸ்கீ தெரிந்தே ஆக வேண்டியவை பயிற்சியாளர், பனிச்சரிவில் மீட்புப் பணி செய்யும் பேட்ரோல் போன்ற சில வேலைகள்தான். அவற்றுக்குச் சான்றிதழும் கேட்பார்கள்.

சீசன் முழுக்க இலவச லிஃப்ட் பாஸும் (லிஃப்ட் என்பது சறுக்குகிறவர்களை மலைச்சரிவில் மேலே ஏற்றிவிடும் தொங்கு இருக்கை வரிசை) சலுகை விலையில் வகுப்புகளும் ஊழியர்களுக்குக் கிடைப்பது வழக்கம். அதனால் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். நேர்காணலில் தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள், முதல் நாளே வெளிப்பட்டுவிடும்.

எந்த வேலைக்குப் போட்டா நல்லது?

சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. எந்த நேரத்தில் வேலை, உள்ளேயா வெளியேயா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். லிஃப்ட் ஆபரேட்டர் விடியுமுன்னே மலையேற வேண்டும். இருக்கைகளில் படிந்த பனியைத் தட்ட வேண்டும், ஏறும் இடத்தை மண்வாரியால் சமப்படுத்த வேண்டும், தடுமாறுகிறவர்களைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும், ஆபத்து என்றால் நொடியில் லிஃப்டை நிறுத்த வேண்டும். காற்றும் ஈரமும் நாள் முழுக்க முகத்தில் அடிக்கும். ஆனால் மலையின் நடுவில் நிற்கிறீர்கள், நட்பும் சுலபமாகக் கிடைக்கும். உடல் பலமும் சிரித்த முகமும் இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

பனியில் சறுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரவு வேலை பாருங்கள். உணவகத்தில் பாத்திரம் கழுவுவது, மேசைக்குப் பரிமாறுவது எல்லாம் சாயங்காலத்தில்தான் தொடங்கும், பகல் உங்களுடையது. அறை சுத்தம் செய்யும் வேலை காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும், இடுப்பு மட்டும் கொஞ்சம் பேசும். வாடகைக் கடையில் பூட்ஸ் பொருத்துவது, எடை, உயரம், வயது பார்த்துப் பலகையின் பிடியை அளவாக வைப்பது கையில் தங்கும் தொழில். அடுத்த சீசனில் வேறு நாட்டில் அதைக் காட்டியே வேலை வாங்கலாம்.

மது பரிமாறும் வேலை என்றால் ஆர்.எஸ்.ஏ. எனப்படும், பொறுப்போடு மது பரிமாறுவதற்கான பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. திரெட்போவுக்கு நியூ சவுத் வேல்ஸ் சான்று, புல்லருக்கு விக்டோரியா சான்று. குழந்தைகளோடு வேலை என்றால் அதற்கென்று தனி பின்னணிச் சரிபார்ப்பு உண்டு.

எப்ப விண்ணப்பிக்கணும்? போய் இறங்கிட்டு தேடிக்கலாமா?

பனி விழுவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள். கனடாவுக்கு ஜூலையிலிருந்து அக்டோபருக்குள். பெரிஷர், ஃபால்ஸ் கிரீக், ஹோத்தாம் மூன்றும் வெய்ல் ரிசார்ட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், அவற்றின் வேலைகள் எல்லாம் ஒரே இணையதளத்தில் வரும். கனடாவின் விஸ்லரும் அவர்களுடையதே. திரெட்போவும் புல்லரும் தனித்தனி.

பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு: மலை மேல் இருக்கும் சிறிய தனியார் லாட்ஜுகள். பெரிய நிறுவனத்தின் இணையதளத்தில் இவை வராது. ஒவ்வொன்றாகத் தேடி மின்னஞ்சல் போட வேண்டும். நாலைந்து பேரை மட்டுமே எடுப்பார்கள், ஆனால் பெரும்பாலும் அறையும் சாப்பாடும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதன் அருமை அடுத்தடுத்த பதில்களில் புரியும்.

இறங்கிய பிறகு தேடுவதும் நடக்கும். முதல் குளிரிலேயே கிளம்பிப்போகிறவர்கள் எந்த மலையிலும் உண்டு. அந்த இடங்கள் ஜூலையில் காலியாகும். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் மட்டும் இந்த வழியை நம்புங்கள்.

இன்டர்வியூவுல என்ன கேப்பாங்க?

வீடியோ அழைப்பில் அரை மணி நேரம்கூட இருக்காது. குளிரில் வெளியே நின்று வேலை செய்வீர்களா, கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள், மற்றவர்களோடு அறை பகிர்ந்து தங்கியிருக்கிறீர்களா, சீசன் முடியும் வரை இருப்பீர்களா. கடைசிக் கேள்விதான் அவர்களுக்கு முக்கியம். செப்டம்பரில் நண்பன் கல்யாணம் இருக்கிறது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்களும் கேட்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் உறுதி? தங்குமிடம் உண்டா, வாடகை எவ்வளவு, எத்தனை பேர் ஓர் அறையில்? ஊரிலிருந்து மலைக்கு ஊழியர் பேருந்து உண்டா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தராத இடத்துக்கு விமான டிக்கெட் போடாதீர்கள்.

அக்கா ஒருத்தங்க 'வேலைய விட ரூம்தான் கஷ்டம்'னு சொன்னாங்க. நிஜமா?

நிஜம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். மலை ஊர்களில் வீடுகள் குறைவு. சீசனில் இருக்கிற வீடுகளும் சுற்றுலாப் பயணிகளுக்கே போகின்றன. திரெட்போ, பெரிஷர் ஊழியர்களில் பலர் கீழே ஜிண்டபைன் ஊரில் தங்கிப் போய் வருகிறார்கள். புல்லருக்கு மான்ஸ்ஃபீல்டு, ஃபால்ஸ் கிரீக்குக்கு மவுண்ட் பியூட்டி. நியூசிலாந்தில் குயின்ஸ்டவுன், வனாகா. கனடாவில் விஸ்லர், பான்ஃப். பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அந்த ஊரை விரும்பியபடி பெரிதாக்கவும் முடியாது. எல்லா இடத்திலும் ஏப்ரல், மே மாதமே (வடக்கில் செப்டம்பர், அக்டோபரிலேயே) நல்ல அறைகள் போய்விடும்.

அதனால் இரண்டு வேலைகள் கையில் இருந்து, ஒன்றில் மணிக்கு இரண்டு டாலர் அதிகம், மற்றொன்றில் ஊழியர் விடுதி உண்டு என்றால் யோசிக்காமல் விடுதியை எடுங்கள். வெளியே கொடுக்கும் வாடகை அந்த இரண்டு டாலரையும் விழுங்கி, மேலும் கேட்கும். ஊழியர் விடுதி என்றால் சொகுசு இருக்காது. இருவர் முதல் நால்வர் வரை ஓர் அறை, பொதுச் சமையலறை, சத்தம். ஆனால் வேலைக்கு நடந்தே போகலாம், கூட இருப்பவர்களும் அதே வேலைக்காரர்கள்.

ஊரில் தங்கிக் காரில் போவதாக இருந்தால் சாலை விதியையும் பாருங்கள். திரெட்போவும் பெரிஷரும் இருக்கும் கோஸியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள், ஜூன் நீண்ட வார இறுதியிலிருந்து அக்டோபர் நீண்ட வார இறுதி வரை, இரு சக்கர இயக்கம் உள்ள கார்கள் டயருக்குப் போடும் சங்கிலியை எடுத்துச் செல்லவேண்டியது கட்டாயம். பெரிஷருக்கு மட்டும் ஒரு வசதி: புல்லக்ஸ் ஃபிளாட்டில் காரை விட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் ஓடும் ஸ்கீடியூப் ரயிலில் மேலே போய்விடலாம்.

சம்பளம் எவ்வளவு வரும்? மிச்சம் பிடிக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1 அன்று மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. நிரந்தரமில்லாத கேஷுவல் ஊழியர் என்றால் அதற்கு மேல் 25 சதவீதம் சேர வேண்டும். பனிமலைத் தொழிலுக்கென்றே ஆல்பைன் ரிசார்ட்ஸ் அவார்டு என்ற ஊதிய விதித்தொகுப்பு இருக்கிறது. உங்கள் வேலை எந்த நிலையில் வருகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். நியூசிலாந்தில் பெரியவர்களுக்கான குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக உயர்ந்தது.

மிச்சம் பிடிப்பது மணிக்கூலியைவிட இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அறை வாடகை, வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பது. பணம் சேர்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் பனிமலை அதற்குச் சரியான இடமில்லை. பண்ணையோ சுரங்க ஊரோ பாருங்கள். செலவுபோகக் கொஞ்சம் கையில் நின்று, ஒரு குளிர்காலம் முழுக்க மலையில் வாழ்ந்தோம் என்றிருந்தால் அது நல்ல சீசன்.

டாக்ஸ் எவ்வளவு பிடிப்பாங்க? திரும்பக் கிடைக்குமா?

இறங்கியதும் டி.எஃப்.என். எனப்படும் வரி எண்ணை இணையத்தில் இலவசமாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மிக உயர்ந்த விகிதத்தில் பிடித்துவிடுவார்கள். ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக முதல் டாலரிலிருந்து 45,000 டாலர் வரை 15 சதவீதம். அங்கே நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதாவது உங்கள் சீசனின் முதல் சில வாரச் சம்பளம் ஓர் ஆண்டிலும், மீதி அடுத்த ஆண்டிலும் விழும். கணக்கு தாக்கல் செய்வதாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் கட்டும். நாட்டை விட்டு வந்து விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மீதியும் உங்கள் பணம்தான், விட்டுவிடாதீர்கள்.

குளிருக்கு என்னென்ன வாங்கிட்டுப் போகணும்?

இங்கிருந்து மூட்டை கட்டாதீர்கள். வெளியே நின்று வேலை என்றால் மேல்கோட்டும் பேன்ட்டும் ரிசார்ட்டே தருவது வழக்கம். நீங்கள் பார்க்க வேண்டியவை உள்ளுக்குப் போடும் வெப்ப உடை, கையுறை, காலணி, கண்ணாடி. பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், பிறகு குளிர் எலும்பில் ஏறும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ நல்லது. கையுறையிலும் காலணியிலும் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள். பலகை, பூட்ஸ் எல்லாம் மலையடிவார ஊர்களில் பழசாகவே நல்ல விலைக்குக் கிடைக்கும்.

சன்ஸ்கிரீன் என்றதும் பலர் சிரிக்கிறார்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கன்னமும் உதடும் வெந்துபோகும், கண்ணும் பாதிக்கப்படும்.

பனியே விழலைன்னா? வேலை போயிடுமா?

வேலை போகாது, மணி நேரம் போகும். ஆஸ்திரேலியாவில் ஜூன் மாதப் பனி நம்ப முடியாதது. ஆகஸ்ட்தான் நன்றாக இருக்கும். செயற்கைப் பனி அடிக்கும் எந்திரங்கள் உண்டு, ஆனால் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 2க்குக் கீழே வந்தால்தான் அவையும் ஓடும். லிஃப்ட் திறக்காத வாரத்தில் லிஃப்ட் ஆட்களுக்கு ஷிஃப்ட் இல்லை. கேஷுவல் என்றால் கேட்கவும் முடியாது. அந்த வாரத்திலும் வாடகை கட்ட வேண்டும்.

நேர்காணலில் உறுதியான மணி நேரத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். சமையலறை, லாட்ஜ் வேலைகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பாதுகாப்பு. முன்பதிவு செய்தவர்கள் பனி இல்லாவிட்டாலும் வந்து சாப்பிடுவார்கள். முதல் ஆறு வாரத்தை அரைச் சம்பளத்தில் தாண்டும் அளவுக்குப் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை கால் உடைஞ்சா யார் பாத்துப்பாங்க?

எப்போது உடைந்தது என்பதைப் பொறுத்தது. வேலை நேரத்தில் என்றால் நிறுவனம் எடுத்திருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உங்களுக்கும் பொருந்தும், விசா பேதமில்லை. லீவு நாளில் சறுக்கி விழுந்தால் அது உங்கள் சொந்தச் செலவு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, பனி விளையாட்டை விலக்கி வைத்திருக்கும். அதற்கென்று கூடுதல் பிரிவு சேர்த்து வாங்குங்கள். மீட்பு, ஆம்புலன்ஸ் செலவு அதில் வருகிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

நியூசிலாந்தில் ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு, வெளிநாட்டவர் உட்பட எவருக்கும் விபத்துச் சிகிச்சைக்கு உதவுகிறது. கனடாவில் இந்த விசாவுக்கு முழுக் காலத்துக்குமான காப்பீடு கட்டாயம். ஆறு மாதக் காப்பீட்டைக் காட்டினால் ஆறு மாத அனுமதிதான் கொடுப்பார்கள்.

பகல்ல லிஃப்ட், ராத்திரி ஹோட்டல்னு ரெண்டு வேலை பாக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. 462 விசாவில் பொதுவாக ஒரே நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்பதுதான் நிபந்தனை. நான்கு மாத சீசனுக்கு அது குறுக்கே வராது. முதல் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதும். விடியற்காலை லிஃப்டில் நிற்பவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து.

இந்த சீசன காட்டி ரெண்டாவது வருஷ விசா வாங்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இரண்டாவது 462 விசாவுக்குக் குறிப்பிட்ட துறையில், குறிப்பிட்ட பகுதியில் மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். சுற்றுலா, உணவு விடுதித் துறை கணக்கில் வர, அந்த இடம் வடக்கு ஆஸ்திரேலியாவிலோ, 'தொலைதூர' அல்லது 'மிகத் தொலைதூர' பகுதி என்று உள்துறை வைத்திருக்கும் பட்டியலிலோ இருக்க வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ரிசார்ட்டின் அஞ்சல் குறியீட்டை அந்தப் பட்டியலில் தேடுங்கள். உங்கள் வேலை வகையும் அதில் வருகிறதா பாருங்கள். மேலாளர் 'எல்லாம் செல்லும்' என்று சொல்வது ஆதாரமாகாது. சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமியுங்கள்.

ஏஜென்ட் ஒருத்தர் ரிசார்ட் வேலை ரெடி, மூணு லட்சம்னு சொல்றார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நல்ல ரிசார்ட் எதுவும் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. இந்த விசாவுக்கு வேலை உத்தரவே தேவையில்லை என்பதை முதல் பதிலில் பார்த்தோம். குலுக்கலில் பெயர் விழ வைக்க எவராலும் முடியாது. பயிற்சியாளர் படிப்போடு வேலையும் சேர்த்துத் தருகிற நிறுவனங்கள் உண்டு, அங்கே கட்டுவது படிப்புக்கான கட்டணம். அப்போதும் வேலை உறுதியா, 'முயற்சி செய்வோம்' என்பதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சூப்பர்வைசர் ரொம்ப மோசம், ஓவர்டைம் காசும் வரல. விட்டா ரூமும் போயிடும். என்ன பண்றது?

ஊழியர் விடுதியின் மறுபக்கம் இது. வேலை முடிந்தால் அறையும் முடியும். எத்தனை நாள் அவகாசம், முன்பணம் எப்போது திரும்பும் என்பது விடுதி ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு வரிகளையாவது படியுங்கள். ஒரு வாரம் வேறெங்காவது தங்கும் அளவுக்குத் தனியாகப் பணமும் வைத்திருங்கள்.

வராத காசுக்கு முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் வேலை செய்த நேரத்தைத் தினமும் போனில் குறித்து வையுங்கள். பதில் இல்லையென்றால், ஊதியப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போங்கள். சேவை இலவசம், ஊதிய உரிமையில் குடிமக்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். புகார் கொடுப்பதற்கு முன்பே ஊரில் மற்ற லாட்ஜுகளிடமும் விசாரித்து வையுங்கள். ஜூலைக்கு மேல் ஆள் தேவைப்படாத மலையே இல்லை. அறையோடு வேலை கிடைத்த பிறகு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.